காணியில்லாத கமக்காரன்: உழவர்களின் காவலர் புனித இசிதோர்

எமது கிராமத்து ஆலயங்களில் புனித அந்தோனியாருக்குப் பீடம் உண்டு. செபஸ்தியாருக்குக் கொடி ஏறும். சவேரியாருக்கும் சந்தியோகுமையோருக்கும் கரையோர ஊர்களில் திருவிழா உண்டு. ஆனால் உழவனாகவே பிறந்து, உழவனாகவே உழைத்து, உழவனாகவே இறந்த ஒருவரைத் திருச்சபை பீடத்தில் ஏற்றி 400 ஆண்டுகள் கடந்துவிட்டன என்பது, கமத்தை நம்பி வாழும் எமது குடும்பங்களில் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் இசிதோர். ஸ்பெயின் நாட்டு மக்கள் இசித்ரோ என்று சுருக்கி அழைப்பார்கள். அவருடைய திருநாள் மே மாதம் 15ஆம் திகதி.

இந்த இதழில் அவரைப் பற்றி எழுத எமக்கு ஒரு காரணம் உண்டு. புனிதர்களின் வரலாறுகளைப் புரட்டினால் அவர்களுள் பெரும்பாலானோர் ஆயர்கள், துறவிகள், சபைகளை நிறுவியவர்கள், அல்லது பெருஞ் செல்வத்தைத் துறந்த பிரபுக்கள். துறப்பதற்கென்று எதுவுமே இல்லாதவர்கள் மிகச் சிலர். இசிதோர் அந்தச் சிலருள் ஒருவர். அவருக்குச் சொந்தக் காணி இருக்கவில்லை. பிறர் நிலத்தில் கூலிக்கு ஏர் பிடித்தார். போர் வந்தபோது ஊரை விட்டு ஓடினார். இம்மூன்றும் எமது வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியவை அல்ல.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இசிதோர் என்ற பெயரில் ஸ்பெயினில் இரு புனிதர்கள் உள்ளனர். மற்றையவர் செவில் நகரின் ஆயர், 636ஆம் ஆண்டில் இறந்தவர், தம் காலத்து அறிவையெல்லாம் திரட்டிப் பெரும் நூல்கள் எழுதிய மேதை. அவருடைய திருநாள் ஏப்ரல் 4. நாம் பேசப்போகும் இசிதோர் நூல் எதுவும் எழுதவில்லை. அவர் எழுதியதெல்லாம் நிலத்தில் கலப்பையால் கீறிய கோடுகள்தான்.

போர் வந்த ஊர்

இன்று மட்ரிட் ஸ்பெயினின் தலைநகர். இசிதோர் பிறந்த காலத்தில் அது மன்சனாரஸ் என்ற சிறு ஆற்றின் கரையிலே மதில் சூழ்ந்த ஒரு சிற்றூர். அதைக் கோட்டையாகக் கட்டியவர் 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட முஸ்லிம் மன்னர் முதலாம் முகம்மது. மஜ்ரித் என்பது அதன் அரபுப் பெயர். 1085ஆம் ஆண்டளவில் கிறிஸ்தவ அரசரான ஆறாம் அல்போன்சோ அவ்வூரைக் கைப்பற்றினார். ஏறக்குறைய அதே காலத்தில்தான் இசிதோரும் பிறந்தார். ஆட்சி மாறினாலும் வயல் மாறவில்லை, வானமும் மாறவில்லை. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் யூதர்களும் அயலவர்களாக வாழ்ந்த ஊர் அது.

அது வறண்ட பூமி. நீர் இருந்தால்தான் எல்லாம். நிலத்துக்கடியில் வாய்க்கால் அகழ்ந்து தொலைவிலிருந்து நீரைக் கொண்டுவரும் நுட்பத்தை முஸ்லிம் ஆட்சிக்காலத்துத் தொழிலாளர் அங்கே வளர்த்திருந்தார்கள். வாய்க்காலுக்கும் நீரிறைக்கும் சக்கரத்துக்கும் ஸ்பானிய மொழியில் இன்றும் வழங்குபவை அரபுச் சொற்களே. இசிதோரின் பெயரோடு கிணறுகளும் ஊற்றுகளும் இவ்வளவு சேர்ந்து வருவது தற்செயல் அல்ல என்று எண்ணுகின்றோம். எங்கே தோண்டினால் நீர் கிடைக்கும் என்று அறிந்த மனிதராகவே மக்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். வறண்ட ஊரில் அத்தகைய ஒருவருக்கு என்ன மதிப்பு இருக்கும் என்பது, துலாக் கயிறு பிடித்த கைகளுக்குத் தெரியும்.

1110ஆம் ஆண்டளவில் மீண்டும் போர் வந்தது. வட ஆபிரிக்காவிலிருந்து எழுந்த அல்மொராவிட் அரசின் படைகள் மட்ரிட்டைத் தாக்கின. இசிதோர் மற்றவர்களோடு வடக்கு நோக்கிப் போய், ஏறக்குறைய 50 கிலோமீற்றர் தொலைவிலுள்ள தொரெலாகுனா என்ற ஊரில் தஞ்சம் புகுந்தார் என்று பாரம்பரியம் கூறுகின்றது. அங்கேயும் பிறர் வயலில் வேலை செய்தார். அவ்வூர்ப் பக்கத்துப் பெண்ணான மரியாவை அங்கேதான் மணந்தார். சில காலத்தின் பின் மட்ரிட் திரும்பி, இவான் டி வர்காஸ் என்ற நிலவுடைமையாளரிடம் வேலைக்கு அமர்ந்தார்.

இசிதோரின் வரலாற்றை எழுதிய நூல்கள் இந்த இடப்பெயர்வை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஓடினார், மணந்தார், திரும்பினார். அற்புதங்களுக்குப் பக்கம் பக்கமாக இடமுண்டு. ஓடியவர்களுக்கு அது ஒருபோதும் ஒரு வரி அல்ல. விதைத்த வயலை அறுக்காமல் விட்டுப்போவது என்னவென்று உழவன் அறிவான். எழுதுபவன் அறிய வேண்டுமென்பதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர் திரும்பி வந்தது தம்முடைய காணிக்கு அல்ல. ஓடும்போதும் காணியில்லை, திரும்பும்போதும் காணியில்லை. ஆயினும் திரும்பினார்.

ஒரு தியாக்கோன் எழுதி வைத்தது

இசிதோரைப் பற்றிய மிகப் பழைய எழுத்து, 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யுவான் என்னும் தியாக்கோன் இலத்தீனில் எழுதிய சிறு ஏடு. அது மட்ரிட் பேராலயத்தின் சேமிப்பில் இன்றும் உள்ளது. பெரிய நூல் அல்ல. புனிதர் உயிரோடிருந்தபோது நிகழ்ந்தவையாக ஐந்து நிகழ்ச்சிகளும், இறந்த பின் நிகழ்ந்தவையாகப் பலவும் அதில் உள்ளன. அந்த ஐந்தையும் வாசிக்கும்போது எமக்கு வியப்பளிப்பது, அவை எல்லாமே சோற்றுப் பானை, மாவுக்குக் கொண்டுபோகும் தானியம், உழவு மாடு, கழுதை என்று வீட்டையும் வயலையும் சுற்றியே இருப்பதுதான். அரசர்களும் இல்லை, பேய்களும் இல்லை.

ஒரு மாரி காலத்தில் நிலமெங்கும் வெண்பனி மூடிக் கிடந்தது. இசிதோர் தானியத்தை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போகின்றார். வழியில் ஒரு மரத்தில் புறாக்கள் கூட்டமாக ஒடுங்கி இருப்பதைக் காண்கின்றார். பனிக்குள் அவற்றுக்கு இரை ஏது? காலாலும் கையாலும் பனியை ஒதுக்கி நிலத்தைத் துப்புரவாக்கி, சாக்கை அவிழ்த்துக் கோதுமையைக் கொட்டுகின்றார். ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது சாக்கில் குறைவே இருக்கவில்லை என்பது அற்புதம். ஆனால் கொட்டிய அந்த வேளையில் சாக்கு நிறையும் என்று அவருக்குத் தெரியாது. அது வீட்டின் மாரிகாலச் சாப்பாடு. அரிசி அளந்து உலையிலிடும் தாய்மார் இந்தக் கதையைக் கேட்டால் முதலில் இசிதோரை ஏசுவார்கள் என்றே நினைக்கின்றோம். அதிலும் நியாயம் இல்லாமலில்லை.

இன்னொரு நாள், சனிக்கிழமை. வீட்டில் சமைத்து உண்டு முடிந்துவிட்டது. வாசலில் ஓர் ஏழை வந்து நிற்கின்றான். பானையில் மிச்சம் இருப்பதைக் கொடுக்கும்படி மனைவியிடம் சொல்கின்றார். பானை வெறுமையென்று அவளுக்குத் தெரியும். ஆயினும் மறுபேச்சில்லாமல் போய்ப் பார்க்கின்றாள். பானை நிறைந்திருக்கிறது.

ஒரு பக்தி சபையின் விருந்து நாள். ஆலயங்களுக்குப் போய்ச் செபித்துவிட்டு அவர் பிந்தி வருகின்றார். தனியாக அல்ல, விருந்து வீட்டு வாசலில் காத்திருந்த ஏழைகளையும் கூட்டிக்கொண்டு உள்ளே வருகின்றார். உறுப்பினர்கள் முகம் சுளிக்கின்றார்கள். உனக்கென்று ஒரு பங்குதான் எடுத்து வைத்திருக்கின்றோம், இத்தனை பேருக்கு எங்கே போவது என்கின்றார்கள். தம் பங்கை எல்லோருமாகப் பகிர்ந்துகொள்வதாக இசிதோர் கூறுகின்றார். பார்த்தால் எல்லோருக்கும் போதிய இறைச்சி இருந்தது. பக்தி சபை விருந்துக்குப் பட்டியலில் இல்லாதவர்களைக் கூட்டி வந்தால் என்ன நடக்கும் என்பது 12ஆம் நூற்றாண்டுக்கு மட்டும் உரிய செய்தி அல்ல. நிவாரண வரிசையில் பெயர் விடுபட்டவர்களுக்கு இக்கதையின் இந்தப் பகுதி நன்றாக விளங்கும்.

நான்காவது, கழுதையின் கதை. இசிதோர் ஆலயத்துக்குள் செபித்துக்கொண்டிருக்கையில் சிறுவர்கள் ஓடி வந்து, வெளியே நின்ற கழுதையை ஓநாய் துரத்துவதாகக் கூவுகின்றார்கள். அவர் அவர்களைச் சமாதானமாய்ப் போகச் சொல்லி, செபத்தை முடித்தபின் எழுந்து வந்து பார்க்கின்றார். ஓநாய் செத்துக் கிடக்கின்றது. கழுதைக்கு ஒரு காயமுமில்லை. இதை எமது வாசகர்கள் பின்பற்ற வேண்டுமென்று நாம் பரிந்துரைக்கமாட்டோம். ஆட்டையோ மாட்டையோ நரி பிடித்தால் செபத்தை நிறுத்திவிட்டு ஓடுவதில் பாவமில்லை.

விளைச்சலைப் போய்ப் பாருங்கள்

ஐந்தாவது கதைதான் உலகமெங்கும் பரவியது. சுரூபங்களிலும் படங்களிலும் நாம் காண்பது இதையே: முழங்கால்வரை நீண்ட முரட்டு அங்கி அணிந்த ஒருவர் முழந்தாளிட்டுச் செபிக்கின்றார், பின்னால் சம்மனசு ஒருவர் அவருக்காக ஏர் ஓட்டுகின்றார்.

தியாக்கோன் எழுதியது சற்று வேறு விதமானது. இசிதோர் காலையில் வேலைக்கு முன் ஆலயங்களுக்குப் போய்ச் செபித்துவிட்டே வயலுக்கு வருவார். ஆகவே மற்றவர்களை விடப் பிந்தியே ஏர் பூட்டுவார். இதை எசமானிடம் சொல்லிக்கொடுத்தவர்கள் அக்கம்பக்கத்தார். எசமான் வந்து கடிந்துகொள்கின்றார். அப்போது இசிதோர் சொன்ன மறுமொழிதான் எமக்கு இந்தக் கதையின் உயிர்நாடியாகத் தோன்றுகின்றது. செபம் பெரிதா வேலை பெரிதா என்று அவர் வாதாடவில்லை. செபிக்கின்றவனுக்குச் சலுகை தாருங்கள் என்றும் கேட்கவில்லை. விளைச்சலைப் பாருங்கள், அயல் வயல்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள், குறைவிருந்தால் அந்த நட்டத்தை என் கையிலிருந்து கட்டிவிடுகின்றேன் என்றே சொல்லுகின்றார். தன் வேலையில் நம்பிக்கையுள்ள கமக்காரனின் பேச்சு அது. கூலிக்காரனாக நின்றாலும் குனிந்து நிற்கவில்லை.

எசமானுக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் அதிகாலையில் வயலோரம் மறைந்திருந்து பார்க்கின்றார். இசிதோர் பிந்தித்தான் வருகின்றார், ஏர் பூட்டுகின்றார். கோபத்தோடு எசமான் எழுந்து நடக்கையில், இசிதோரின் ஏருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சோடி வெள்ளை எருதுகள் உழுதுகொண்டிருப்பதைக் காண்கின்றார். கிட்டப் போனதும் அவை மறைந்துவிடுகின்றன. உனக்கு உதவி செய்தவர்கள் யார் என்று கேட்கின்றார். இறைவனைத் தவிர வேறு எவரையும் தாம் உதவிக்கு அழைக்கவில்லை, வேறு எவரையும் காணவுமில்லை என்கின்றார் இசிதோர்.

பழைய ஏட்டில் இசிதோர் சும்மா இருந்து செபிக்க, வானதூதர் வேலை செய்வதாக இல்லை. இசிதோரின் கை ஏர்ப்பிடியில் இருக்கின்றது. உதவி பக்கத்திலே வருகின்றது. பிற்காலத்து ஓவியர்கள் அவரை ஏரிலிருந்து எடுத்து முழந்தாளில் இருத்திவிட்டார்கள். படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உழைப்பவனின் கையை உழைப்பிலிருந்து எடுத்துவிட்ட படம் அது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. காலப்போக்கில் நிலவுடைமையாளர்களும் இந்தக் கதையை விரும்பத் தொடங்கினார்கள். பார், கூலியைப் பற்றி முறையிடாமல் வேலை செய்த நல்ல வேலைக்காரன் என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். ஏட்டில் அப்படி எதுவும் இல்லை. அங்கே வெட்கித் தலைகுனிவது எசமானே.

முதுகெலும்பு சொன்ன சாட்சி

இசிதோர் இறந்தபோது புனித அந்திரேயா ஆலயத்துக் கல்லறை நிலத்தில் அவரைச் சாதாரணமாகப் புதைத்தார்கள். 40 ஆண்டுகள் அங்கே கிடந்தார் என்றும், மழைநீர் ஓடி அக்குழிமேல் வாய்க்காலாக அறுத்துக்கொண்டு போனது என்றும் தியாக்கோன் எழுதுகின்றார். பின்பு தோண்டி எடுத்து ஆலயத்துக்குள் வைத்தார்கள். உடல் அழியாதிருந்தது. அதன்பின் மழை பொய்த்த போதெல்லாம் மட்ரிட் மக்கள் அவ்வுடலை வெளியே எடுத்து வந்து மன்றாடினார்கள். ஆயர்கள் வருமுன்னரே, அரசர்கள் வருமுன்னரே, மழைக்காக வானத்தைப் பார்த்திருந்த ஏழைகள் அவரைப் புனிதராக்கிவிட்டார்கள்.

அவர் இறந்த ஆண்டு 1130 என்று சிலரும், 1172 என்று சிலரும் கணக்கிட்டு வந்தனர். பிந்திய கணக்கின்படி அவர் 90 வயதுவரை வாழ்ந்த கிழவர். 2022ஆம் ஆண்டில், புனிதர் பட்டத்தின் 400ஆவது ஆண்டு நிறைவையொட்டி, மட்ரிட் பல்கலைக்கழக வல்லுநர்கள் அவ்வுடலைக் கதிர்ப்படம் எடுத்து ஆராய்ந்தார்கள். 35க்கும் 45க்கும் இடைப்பட்ட வயதில் இறந்த மனிதர் என்பது அவர்கள் முடிவு. தாடை எலும்பில் நோய்த்தொற்றின் அடையாளம் இருந்தது. முதுகெலும்பில், கமத்தொழில் செய்தவர்களிடம் காணக்கூடிய தேய்வும் இருந்தது. பொன்னும் வெள்ளியும் பதித்த பேழைக்குள் பல நூற்றாண்டுகள் கிடந்தும் அந்த முதுகு தன் தொழிலை மறக்கவில்லை.

தாமதமாக வந்த சாசனம்

1561இல் இரண்டாம் பிலிப்பு அரசர் மட்ரிட்டைத் தலைநகராக்கினார். தலைநகருக்கு ஒரு பெரிய புனிதர் தேவைப்பட்டார். அரச குடும்பமும் நகரசபையும் உரோமைக்கு ஆள் அனுப்பின, பணம் செலவிட்டன. 1619இல் பாப்பரசர் ஐந்தாம் பவுல் இசிதோரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில், போர்த்துக்கலிலிருந்து திரும்பும் வழியில் மூன்றாம் பிலிப்பு அரசர் கடும் காய்ச்சலில் விழுந்தபோது, இசிதோரின் உடலை அரசரின் படுக்கையருகே கொண்டுபோனார்கள். அரசர் எழுந்தார். வாழ்நாளில் அரண்மனை வாசலையே மிதிக்காத கூலிக்காரனை அரசர்கள் அழைத்துவரச் செய்தார்கள்.

1622ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12ஆம் திகதி, உரோமையில் பாப்பரசர் 15ஆம் கிரகோரியார் ஐவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். இஞ்ஞாசியார், பிரான்சிஸ் சவேரியார், அவிலா தெரேசம்மாள், பிலிப்பு நேரியார், இவர்களோடு இசிதோர். மன்னார்த் தீவு மக்களுக்குக் குருவை அனுப்பியவர் என்று எமது மண்ணின் நினைவில் நிற்கும் அதே சவேரியார்தான். நால்வர் ஸ்பெயின் நாட்டவர், பிலிப்பு நேரியார் மட்டும் இத்தாலியர். நான்கு ஸ்பானியருக்கும் ஒரு புனிதருக்கும் பட்டம் கொடுத்தார்கள் என்று உரோமை மக்கள் கேலி பேசினார்களாம்.

இங்கே பலரும் அறியாத ஒரு செய்தி உண்டு. புனித இராயப்பர் பேராலயத்தில் அன்று எழுப்பியிருந்த அலங்கார மேடை, முதலில் இசிதோர் ஒருவருக்காகவே மட்ரிட்டின் செலவில் தயாரிக்கப்பட்டது. மற்ற நால்வரும் பின்னரே அந்நிகழ்ச்சியில் சேர்க்கப்பட்டனர். அதாவது சபை நிறுவியவரும், கீழைத் தேசங்களின் அப்போஸ்தலரும், ஆன்மீக மேதையும் ஓர் உழவனின் மேடையில் வந்து ஏறினார்கள். ஆனால் பட்டத்தை உறுதிப்படுத்தும் சாசனம் என்று வரும்போது கதை மாறிவிட்டது. இஞ்ஞாசியாருக்கும் சவேரியாருக்கும் அடுத்த ஆண்டே, 1623இல், சாசனம் வெளிவந்தது. இசிதோருக்கு 1724இல் பாப்பரசர் 13ஆம் ஆசீர்வாதப்பர் காலத்தில்தான் வந்தது. 102 ஆண்டுகள். காணி உறுதிக்காகக் கந்தோர் வாசலில் கால் கடுக்க நின்றவர்கள் புனித இசிதோரிடம் மன்றாடலாம். பத்திரம் தாமதிப்பது என்னவென்று அவருக்குத் தெரியும்.

பிறகு அவருடைய பெயர் வேகமாகப் பரவியது. 1947இல் அமெரிக்க ஐக்கிய நாட்டின் கத்தோலிக்கக் கிராமிய வாழ்வு இயக்கம் அவரைத் தன் காவலராகப் பெற்றது. 1960இல் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் அவரை ஸ்பெயின் நாட்டு விவசாயிகளின் காவலர் என்று அறிவித்தார்.

ஆனால் திருநாளை உண்மையாகவே உழவர் திருநாளாகக் கொண்டாடுபவர்கள் பிலிப்பைன்ஸ் நாட்டவர் என்று சொல்லத் தோன்றுகின்றது. எம்மைப் போல நெல்லும் எருமையும் கொண்டு வாழ்ந்த மக்கள் அவர்கள். அங்கே லுக்பான் என்ற ஊரில் மே 15ஆம் திகதி ஒவ்வொரு வீட்டின் முகப்பையும் அவ்வீட்டார் விளைவித்த பொருள்களால் அலங்கரிப்பார்கள். நெற்கதிர், மரக்கறி, பழம் எல்லாம் தொங்கும். அரிசி மாவை இலை வடிவில் மெல்லிதாக வார்த்து, காயவைத்து, பல நிறத்தில் மாலை மாலையாகக் கட்டுவார்கள். திருநாள் முடிந்ததும் அதைப் பொரித்தோ சுட்டோ உண்ணலாம். புலிலான் என்ற ஊரில் எருமைகளைக் குளிப்பாட்டி அலங்கரித்து ஊர்வலமாக ஆலயத்துக்கு ஓட்டி வருவார்கள். ஆலய வாசலில் அவை முன்னங்கால் மடித்து நிற்கும்படி பழக்கியிருக்கிறார்கள். எமது எருமைகளை அப்படிப் பழக்க முடியுமா என்பது சந்தேகம்.

மட்ரிட்டில் அன்றைய தினம் மக்கள் ஆற்றுக்கப்பாலுள்ள சிற்றாலயத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். தாகமெடுத்த எசமானுக்காக இசிதோர் எருது ஓட்டும் தடியால் நிலத்தைத் தட்ட, அங்கே நீர் ஊறியது என்பது ஐதீகம். அந்த ஊற்று நீரை வரிசையில் நின்று குடிப்பார்கள். பிறகு அருகிலுள்ள புல்வெளியில் குடும்பத்தோடு அமர்ந்து உண்பார்கள். ஸ்பெயினின் பேர்போன ஓவியர் கோயா 1788இல் அந்தப் புல்வெளித் திருநாளை ஓவியமாக வரைந்தார். வளையம் போன்ற ஒருவகைப் பலகாரம் அன்று விற்கும். சீனிப்பாகு பூசியதைக் கெட்டிக்காரி என்றும், பூசாததை மொக்கு என்றும் கேலியாக அழைப்பார்கள்.

மரியா

இசிதோரைப் பற்றி எழுதுபவர்கள் மரியாவைக் கடைசியில்தான் சேர்க்கிறார்கள். நாமும் அப்படியே செய்திருக்கின்றோம். ஆனால் வெறும் பானைக்குள் கைவிட்டவள் அவள்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கணவன் கொடுக்கச் சொன்னான். கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று அறிந்தும் அடுப்படிக்குப் போனவள் அவள்.

அவர்களுக்கு இல்லான் என்ற ஒரு மகன் இருந்தான். ஒரு நாள் குழந்தை கிணற்றில் விழுந்துவிட்டது. கயிறு எட்டாத ஆழம். தாயும் தந்தையும் முழந்தாளிட்டு அழுது மன்றாட, நீர் மெல்ல மெல்ல உயர்ந்து குழந்தையை விளிம்புவரை தூக்கிக் கொண்டுவந்து கொடுத்தது என்று பாரம்பரியம் கூறும். தியாக்கோனின் ஏட்டில் இக்கதை இல்லை, பிற்காலத்தில் சேர்ந்தது. அந்தக் கிணறு என்று காட்டப்படுவது மட்ரிட்டில் இன்று ஓர் அரும்பொருட்சாலைக்குள் இருக்கின்றது. அதன்பின் இருவரும் ஒருமனப்பட்டு, இறைவனுக்கு நேர்ந்து, தனித்தனியே வாழ முடிவுசெய்தார்களாம். மரியா ஜராமா ஆற்றுப் பக்கத்துக்குத் திரும்பி, மாதாவின் சிற்றாலயம் ஒன்றைக் கூட்டி மெழுகி விளக்கேற்றி வந்தாள்.

தனியாக வாழும் பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும்? பேசியது. மேய்ப்பர்களைச் சந்திக்கவே அவள் ஆற்றைக் கடந்து போகிறாள் என்று இசிதோரின் காதுக்கும் சொன்னார்கள். அவர் நம்பவில்லை என்கிறது கதை; ஆயினும் போய் மறைந்திருந்து பார்த்தார் என்றும் அதே கதை சொல்கின்றது. முன்பு எசமான் வயலோரம் ஒளிந்திருந்து தம்மைப் பார்த்ததை அவர் நினைத்தாரோ என்னவோ. ஆறு பெருக்கெடுத்து ஓடியது. மரியா எண்ணெய்யையும் நெருப்பையும் கையிலேந்தி வந்து, தன் மேற்போர்வையை நீரின்மேல் விரித்து, அதில் ஏறி நின்று அக்கரை சேர்ந்தாள். பயிர் செய்தவனுக்கு விளைச்சல் சாட்சி சொன்னது போல, இவளுக்கு ஆறு சாட்சி சொன்னது.

அவள் இறந்தபின் அவளுடைய தலை எலும்பை அந்தச் சிற்றாலயத்தில் தனியே வைத்துப் போற்றினார்கள். வரட்சிக் காலங்களில் அதைச் சுற்றுப்பிரகாரமாக எடுத்துப்போய் மழை கேட்டார்கள். அதனாலேயே அவளுக்குத் தலையின் மரியா என்று பொருள்படும் பெயர் நிலைத்தது. 1645இல் அவளுடைய எலும்புகள் மட்ரிட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. 1697இல் பாப்பரசர் 12ஆம் இன்னொசென்ட் அவளை முத்திப்பேறு பெற்றவளாக ஏற்றுக்கொண்டார். திருநாள் செப்டெம்பர் 9. 1769இல் மூன்றாம் கார்லோஸ் அரசரின் ஆணைப்படி இருவரையும் புனித இசிதோர் பெயரால் விளங்கும் ஆலயத்துக்கு மாற்றினார்கள். கடைசிக் காலத்தில் ஆற்றுக்கு அப்பாலும் இப்பாலுமாகப் பிரிந்து வாழ்ந்த அந்தக் கூலிக் குடும்பம், அன்று முதல் ஒரே பீடத்தில் இருக்கின்றது.